மீன் பிங்கோ: மட்டக்களப்பு வாவிக்கரைப் பிள்ளைகளுக்காக – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லடிப் பக்கம் ஒரு சிறிய மண்டபத்தில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் பிள்ளைகளைக் கூட்டி வைத்து மீன் பிங்கோ விளையாடுகிறோம். முன்பள்ளி ரீச்சர்மார், ஆரம்பப் பிரிவு ஆசிரியர்கள், வீட்டில் விளையாட ஆசைப்படும் அம்மா அப்பாமார் என்று பலர் வந்து விசாரிப்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

மீன் பிங்கோ என்றால் என்ன? எண் பிங்கோவும் இதுவும் ஒன்றுதானா?

ஆடும் முறை ஒன்றுதான். கட்டங்களில் எண்களுக்குப் பதிலாக மீன், இறால், நண்டு, கணவாய் என்று நீர்வாழ் உயிர்களின் படங்கள் இருக்கும். ஒருவர் சீட்டு எடுத்து அழைப்பார். தன் அட்டையில் அந்த உயிர் இருந்தால் பிள்ளை அதன்மேல் ஒரு புளியங்கொட்டையை வைக்கும். குறுக்கே, நெடுக்கே, மூலைக்கு மூலை என்று ஏதாவது ஒரு வரிசை நிரம்பினால் வெற்றி. எங்கள் பிள்ளைகள் "பிங்கோ" என்று கத்துவதில்லை. காலையில் சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவரைப் போல "மீனேய்!" என்று நீட்டிக் கூவுகிறார்கள். அது நான் சொல்லிக் கொடுத்ததல்ல, அவர்களாகவே பிடித்துக்கொண்டது.

வித்தியாசம் அழைப்பதில் இருக்கிறது. எண் பிங்கோவில் 42 என்றால் 42ஐத் தேட வேண்டியதுதான். மீன் பிங்கோவிலும் "திருக்கை" என்று பெயரைச் சொல்லி, படத்துக்குக் கீழும் "திருக்கை" என்று எழுதி வைத்தால், பிள்ளை எழுத்தை எழுத்தோடு பொருத்துகிறதே தவிர மீனைப் பார்ப்பதில்லை. அதனால் மிகச் சின்னப் பிள்ளைகளைத் தவிர மற்றவர்களுக்கு நாங்கள் பெயர் சொல்வதில்லை. நொடி, அதாவது விடுகதை, போடுகிறோம். அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

எந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஏற்றது?

4, 5 வயதுக்கு ஒன்பது கட்ட அட்டை, பெரிய படம், பெயர் சொல்லி அழைத்தல். தரம் 1 முதல் 3 வரை அதே ஒன்பது கட்டம், ஆனால் நொடியோடு. தரம் 4, 5 பிள்ளைகளுக்கு 16 கட்டம் கொடுக்கலாம், நொடியை அவர்களே எழுதட்டும். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை பக்கத்தில் இருந்தால் கொட்டை, சிப்பி எதையும் பாவிக்க வேண்டாம். வாயில் போட்டுவிடும்.

இணையத்தில் கடல் உயிர்ப் பிங்கோ அட்டைகள் இலவசமாகவே கிடைக்கின்றனவே. அவற்றை அச்சிட்டால் போதாதா?

தொடக்கத்தில் நானும் அதைத்தான் செய்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தன: சால்மன், பென்குயின், வால்ரஸ், நீலத் திமிங்கலம். பிள்ளைகளும் சந்தோசமாக விளையாடினார்கள். முடிந்த பிறகு நாவலடியில் இருந்து வரும் ஒரு பையன் அட்டையைத் திருப்பித் தந்துகொண்டே கேட்டான்: "ரீச்சர், இதுல ஒண்டும் எங்கட ஆத்துல இல்லயே?"

அவனுடைய அப்பா விடியமுன் தோணியில் போய் வருகிறவர். அவன் வீட்டு முற்றத்தில் வலையிலிருந்து உதறிக் கொட்டும் மீனில் ஒன்றுகூட அந்த அட்டையில் இல்லை. அத்தோடு இன்னொரு பிழையும் இருந்தது. பென்குயின் தெற்கே வாழ்வது, வால்ரஸ் வடதுருவப் பக்கம் வாழ்வது. கடலில் அவை ஒன்றையொன்று கண்டதே இல்லை. அவற்றைப் பக்கத்துப் பக்கமாக அச்சடித்துக் கொடுத்தால் பிள்ளையின் மனதில் எல்லாம் ஒரே கடலாகிவிடும்.

அன்றைக்குப் பிறகு எங்கள் அட்டைகளை நாங்களே செய்கிறோம். இப்போது பாவிக்கும் சீட்டுக் கட்டில் 20 உயிர்கள். வாவியில் இருந்து செல்வன், மணலை, கொடுவா, கீளி, கெளுத்தி, விலாங்கு, இறால், களப்பு நண்டு. குளத்தில் இருந்து விரால், திலாப்பியா, பனையேறிக் கெண்டை. கடலில் இருந்து அறக்குளா, பாரை, சூரை, சூடை, திருக்கை, சுறா, கணவாய், பேத்தை, கடற்குதிரை. வாவி, குளம், கடல் என்று மூன்றாகப் பிரித்தாலும் மீனுக்கு அந்த எல்லை இல்லை. மணலையும் கொடுவாவும் கடலுக்கும் வாவிக்கும் போய் வருகிறவை. இதைப் பிள்ளைகளிடம் சொன்னால், "அப்ப அதுக்கு ரெண்டு வீடா?" என்று கேட்பார்கள். ஆமாம், இரண்டு வீடுதான்.

உங்கள் ஊரில் பிடிபடாத மீன் இந்தப் பட்டியலில் இருந்தால் எடுத்துவிடுங்கள். உங்கள் பிள்ளை சந்தையில் பார்க்கும் மீன் இல்லையென்றால் சேருங்கள். முழுவதும் அப்படியே பின்பற்ற வேண்டிய பட்டியல் அல்ல இது.

ஒரே மீனுக்கு ஊருக்கு ஊர் வேறு பெயர். அட்டையில் எதை எழுதுவது?

பிள்ளையின் வீட்டில் சொல்லும் பெயரை எழுதுங்கள். வட்டமான உடம்பில் முத்து முத்தாக வெள்ளைப் புள்ளி போட்ட வாவி மீனை ஒரு பிள்ளை செல்வன் என்றது, இன்னொன்று செத்தல் என்றது. இருவரும் கோபித்துக்கொள்ளும் அளவுக்கு வாக்குவாதம். படத்தைக் காட்டி, "இந்த மீனைத்தானே சொல்கிறீர்கள்?" என்று கேட்டதும் இருவரும் சிரித்துவிட்டார்கள். சிங்களத்தில் அதே மீன் கோரலியா. இங்கே நாங்கள் அறக்குளா என்று சொல்வது சென்னைப் பக்கம் வஞ்சிரம். இங்கே மணலை, அங்கே மடவை. தமிழ்நாட்டில் அச்சான சிறுவர் புத்தகத்தை வைத்துக்கொண்டு அட்டை செய்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பெயர் அந்நியமாக இருந்தால் பிள்ளை, தான் தினமும் சோற்றோடு சாப்பிடும் மீனையே தெரியாது என்று சொல்லிவிடும்.

அழைக்கும் சீட்டின் பின்பக்கத்தில் எல்லாப் பெயர்களையும் எழுதி வைக்கலாம். புதுப் பெயரைப் பிள்ளை சொன்னால் அதையும் உடனே எழுதிக்கொள்வோம். சில சீட்டுகளில் இப்போது இடமே இல்லை.

எத்தனை அட்டை, எத்தனை மீன் வேண்டும்?

ஒன்பது கட்ட அட்டைக்கு ஒன்பதே மீன் வைத்திருந்தால் எல்லோருடைய அட்டையிலும் அதே ஒன்பதுதான் இருக்கும். இடம் மட்டும் மாறும். விளையாட்டில் சுவை இராது. நடுக்கட்டத்திலும் மீன் போடுவதானால், 12 மீன் இருந்தால் ஒன்பதைத் தெரிவு செய்ய 220 விதம். 20 மீன் இருந்தால் 1,67,960 விதம். ஆகவே 20 மீன் கொண்ட கட்டு ஒரு முழுப் பாடசாலைக்கும் போதும்.

முழு அட்டையும் நிரம்பும் வரை ஆடலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 20 மீன் கட்டில் ஒரு குறிப்பிட்ட அட்டை முழுதும் நிரம்பச் சராசரியாக 19 சீட்டு எடுக்க வேண்டும், அதாவது கட்டே முடியப் போகும் நேரம். பெரிய பிள்ளைகள் பொறுத்திருப்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு வரிசை போதும். ஒன்பது கட்டத்தில் எட்டு வழிகளில் வரிசை அமையலாம் என்பதால் சீக்கிரம் யாராவது கூவிவிடுவார்கள்.

பெயர் சொல்லாமல் எப்படி அழைப்பது? நொடிகளை எங்கே எடுப்பது?

நீங்களே கட்டலாம், கடினமே இல்லை. அந்த உயிரைப் பற்றி உண்மையான ஒரு விசயத்தை எடுத்து அதை மறைத்துச் சொன்னால் நொடி ஆகிவிடும். எங்களுடையவற்றில் சில:

"சின்னதில் அண்ணன், வளர்ந்தால் அக்கா." இது கொடுவா. கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழிந்து பெண்ணாக மாறும். அதனால்தான் மிகப் பெரிய கொடுவாக்கள் பெரும்பாலும் பெண். இந்த ஒரு நொடிக்குப் பிறகு அரை மணி நேரம் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அன்று பிங்கோ அத்தோடு நின்றது, நானும் விட்டுவிட்டேன்.

"வாய்க்குள்ளே தொட்டில்." திலாப்பியா. தாய் முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துக் காக்கும். அந்த நாட்களில் தாய் சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. "அப்பாவின் வயிற்றில் பிள்ளை" என்றால் கடற்குதிரை. பெண் தன் முட்டைகளை ஆணின் வயிற்றுப் பைக்குள் இட்டுவிடும், சுமந்து பெறுவது ஆண்தான். செல்வனுக்குத் தாயும் தகப்பனும் இரண்டுமே காவல், அதனால் "அம்மாவும் அப்பாவும் முறை போட்டுக் காவல்." இந்த மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக அழைத்தால் மீன்களில் யார் பிள்ளை வளர்ப்பது என்ற பேச்சு தானாக வந்துவிடும்.

"குளம் வற்றினாலும் மூச்சு வற்றாது." விரால். நீரில் உயிர்வாயு குறைந்தால் மேலே வந்து காற்றைக் குடித்துக்கொள்ளும். பனையேறிக் கெண்டையும் அப்படித்தான், ஈர நிலத்தில் ஊர்ந்து அடுத்த நீருக்கும் போய்விடும். "மூன்று இதயம், நீல இரத்தம், முதுகுக்குள் வெள்ளைப் பலகை" என்றால் கணவாய். "கோபம் வந்தால் பந்து, கறிக்கு ஆகாது" என்றால் பேத்தை. பேத்தையைச் சொல்லும்போது, சட்டியில் போடக்கூடாத மீன், அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது என்று நேராகவே சொல்லிவிடுங்கள். அந்த இடத்தில் மறைபொருள் வேண்டாம்.

விலாங்குக்கு நாங்கள் எதுவும் கட்டவில்லை. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் என்று பெரியவர்கள் ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறார்கள்.

நொடி சொன்னதும் உடனே விடை சொல்லாதீர்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். யாரும் கண்டுபிடிக்காவிட்டால் இன்னொரு குறிப்பு, அப்புறம்தான் பெயர். இன்னொரு சட்டமும் வைத்திருக்கிறோம்: "மீனேய்!" என்று கூவிய பிள்ளை தன் வரிசையில் உள்ள ஒவ்வொன்றையும் பற்றி ஒரு விசயம் சொல்லிக் காட்ட வேண்டும். சொல்லிக் காட்டினால்தான் வெற்றி. மறந்துவிட்டால் பக்கத்துப் பிள்ளை உதவலாம்.

நடுக்கட்டத்தை ஏன் வெறுமையாக விட்டிருக்கிறீர்கள்?

ஒன்பது கட்டத்தில் நடுக்கட்டம் எல்லோருக்கும் இலவசம். அப்போது சுற்றியுள்ள எட்டுக்கு மட்டும் மீன் போட வேண்டும். எங்கள் அட்டையில் அதற்குப் பெயர் "பாடும் மீன்." படம் இல்லை. ஓரத்தில் ஒரு சிறிய ஊரி (ஓட்டு நத்தை) மட்டும் வரைந்திருக்கும்.

மட்டக்களப்பை மீன்பாடும் தேன்நாடு என்று சொல்லிச் சொல்லி வளர்கிறோம், ஆனால் பிள்ளைகளிடம் விசாரித்தால் பலர் அந்தப் பாட்டைக் கேட்டதில்லை. நிலவு காலத்தில், காற்று அடங்கிய இரவில், கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பை நீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் கேட்கும் என்பது இங்கே வழிவழியாகச் சொல்வது. அந்தப் பழைய இரும்புப் பாலம் 1920களில் வந்தது, பக்கத்துப் புதுப்பாலம் 2013இல் திறந்தது. பாலத்துக்கு முன்னமே இந்தச் சத்தம் பதிவாகியிருக்கிறது. 1848இல் இங்கே வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட் தோணியில் போய்க் கேட்டு எழுதி வைத்திருக்கிறார். ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் வருமே ஒரு இழுப்பு, அதுபோல என்பது அவர் சொன்ன ஒப்புமை. அவரைக் கூட்டிப் போனவர்கள், பாடுவது மீனல்ல, ஊரி என்றார்கள். 1950களில் அமெரிக்காவிலிருந்து வந்த யேசுசபைக் குரு லாங் அடிகளார் நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கிச் சத்தத்தைப் பதிவு செய்தார்.

எந்த உயிர் பாடுகிறது என்பது இன்றுவரை முடிவாக நிறுவப்படவில்லை. எங்கள் மண்டபத்துக்குப் பேத்தியைக் கூட்டி வரும் அம்மம்மா ஒருவர், "ஊரிதான் கா பாடுற, நான் சின்னதுல கேட்டிருக்கன்" என்று உறுதியாகச் சொல்கிறார். மீன்கள் சத்தம் போடும் என்பதும் உண்மை. கீளி தன் வயிற்றுக் காற்றுப்பையை அதிரவைத்துச் சத்தமிடும். கெளுத்தியைத் தூக்கினால் கிறுக் கிறுக் என்னும், வலை கழற்றிய பிள்ளைகளுக்குத் தெரியும். ஆகவே அந்தக் கட்டத்தை யாருக்கும் சொந்தமாக்காமல் எல்லோருக்கும் விட்டிருக்கிறோம். சில பிள்ளைகள் அதில் கடற்கன்னி வரைகிறார்கள், பட்டணத்தில் சிலையைப் பார்க்கிறார்கள் அல்லவா. சரி, வரையட்டும். "இது கதை, மற்ற எட்டும் மெய்" என்று மட்டும் சொல்லி வைப்பேன்.

விளையாட்டுத் தொடங்கமுன் ஒரு கண்ணாடிக் கிளாஸில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, ஈர விரலால் விளிம்பைத் தேய்த்துக் காட்டுங்கள். மண்டபம் அடங்கிப் போய்விடும். வேறு எதற்கும் அப்படி அடங்காத பிள்ளைகள்.

நண்டு, கணவாய், ஆமை எல்லாம் மீன் இல்லையே. மீன் பிங்கோவில் சேர்க்கலாமா?

கட்டாயம் சேர்க்க வேண்டும். மீன் எது, மீன் அல்லாதது எது என்று பிள்ளை பிரித்துப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை. தமிழில் நட்சத்திர மீன் என்கிறோம், ஜெல்லி மீன் என்கிறோம், இரண்டுக்கும் முதுகெலும்பே கிடையாது. சுறாவும் திருக்கையும் மீன்தான், ஆனால் உள்ளே இருப்பது குருத்தெலும்பு, நமது காதுமடலில் இருப்பது போல. டொல்பின் பால் கொடுக்கும், மூச்சுக்கு மேலே வரும்.

ஒரு சுற்று மட்டும் இப்படி ஆடிப் பாருங்கள்: செவுளும் செட்டையும் முதுகெலும்பும் உள்ளதற்குப் புளியங்கொட்டை, மற்றவற்றுக்கு வேறு கொட்டை. வரிசை நிரம்ப ஒரே வகைக் கொட்டையாக இருக்க வேண்டும். பெரிய பிள்ளைகளுக்கே திணறும்.

படம் வரைவதா, போட்டோவா?

இரண்டையும் முயன்று பார்த்தேன். போட்டோதான் பலன் தருகிறது, ஆனால் ஐஸில் கிடந்த மீனை எடுக்கக் கூடாது. பிடித்து ஒரு மணி நேரத்தில் நிறம் மங்கத் தொடங்கிவிடும். காலையில் தோணி கரைக்கு வரும் நேரம் போய், ஈரத்தோடு, பக்கவாட்டில், வாழையிலையின் மேல் வைத்து எடுத்தால் செட்டைகளை எண்ணும் அளவுக்குத் தெளிவாக வரும். கெளுத்தியின் மீசை, மணலையின் சின்ன வாய், முதுகில் இரண்டு செட்டை தள்ளித் தள்ளி இருப்பது, கீளியின் வளைந்த கோடுகள் எல்லாம் தெரியும்.

நண்டை மட்டும் இரண்டு படம் எடுங்கள், ஒன்று முதுகுப்பக்கம், ஒன்று வயிற்றுப்பக்கம். வயிற்றில் மடித்து ஒட்டியிருக்கும் மூடி ஆணுக்கு ஒடுங்கிய முக்கோணம், பெண்ணுக்கு அகன்று வட்டமாக இருக்கும். முட்டையை அந்த மூடிக்குள்தான் சுமக்கும். ஒரு தடவை கண்டுவிட்டால் பிள்ளை சந்தையில் நண்டைப் புரட்டிப் பார்க்காமல் வராது. விற்பவர் ஏசுவார், பரவாயில்லை. கொடுக்குக் கட்டியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கடற்குதிரைக்கு மட்டும் நாங்கள் வரைந்த படம். அதைத் தேடிப் பிடித்துத் தரச் சொல்லி யாரையும் கேட்க வேண்டாம்.

கட்டங்களை மறைக்க எதைப் பாவிக்கலாம்?

புளியங்கொட்டை, சோளம், கழுவிக் காயவைத்த சிப்பி. குன்றிமணி அழகாக இருக்கும் என்று சிலர் கொண்டுவருகிறார்கள். வேண்டவே வேண்டாம். கடித்து விழுங்கினால் கடும் நஞ்சு. கடற்கரையில் சிப்பி பொறுக்கும்போதும் உள்ளே உயிர் இருப்பதைத் தொடக் கூடாது, கூம்பு வடிவச் சிப்பிகளில் கொட்டும் வகை உண்டு.

பிங்கோ சூதாட்டம் அல்லவா? எங்கள் வீட்டில் விரும்பமாட்டார்கள்.

காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கத்துப் பெற்றோரும் கேட்டிருக்கிறார்கள், கோயில் மண்டபத்தில் ஆடப்போன இடத்திலும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பெரியவர்கள் காசு வைத்து ஆடும் பிங்கோ உண்டு. அது வேறு. இங்கே நுழைவுக் காசு இல்லை, அட்டைக்கு விலை இல்லை, பரிசுப் பொருளும் இல்லை. வென்ற பிள்ளைக்கு அடுத்த சுற்றில் சீட்டு எடுத்து அழைக்கும் பொறுப்பு கிடைக்கும், அவ்வளவுதான். பிள்ளைகள் அதற்குத்தான் ஏங்குகிறார்கள். இதற்குப் பிறகும் பிங்கோ என்ற சொல் பிடிக்கவில்லை என்றால் "மீன் கட்டம்" என்று சொல்லுங்கள்.

தோற்ற பிள்ளை அழுதால்?

முதல் வெற்றியோடு நிறுத்தாமல் எல்லோரும் ஒரு வரிசை முடிக்கும் வரை அழையுங்கள். ஐந்து வயதுக்கு அதுவே மருந்து.

சுற்றாடல் பாடத்தோடு இதை எப்படி இணைப்பது?

நாங்கள் கட்டில் இரண்டு விசேட சீட்டுகளைச் சேர்த்திருக்கிறோம். ஒன்று கண்டல் மரம். அது வந்தால் எல்லோரும் விரும்பிய கட்டத்தில் ஒரு கொட்டை வைக்கலாம். கண்டல் வேர்களுக்கிடையில்தான் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் ஒளிந்து வளர்கின்றன என்பதால் அது எல்லோருக்கும் கொடுக்கிற மரம். மற்றது பொலித்தீன் பை. அது வந்தால் எல்லோரும் ஒரு கொட்டையை எடுத்துவிட வேண்டும். முதல் தடவை அதை எடுத்தபோது பிள்ளைகள் போட்ட கூச்சலை நான் மறக்கமாட்டேன். "ஏன் ரீச்சர், நாங்க போடல்லயே!" என்று ஒரு சின்னப் பிள்ளை கண் கலங்கியது. ஆமை, மிதக்கும் பையை ஜெல்லி மீன் என்று நினைத்து விழுங்கிவிடும், அதுவும் எதையும் போடவில்லைதானே என்றேன். அந்தச் சீட்டை எடுத்துவிடவா என்று பிறகு கேட்டேன். வேண்டாம், இருக்கட்டும் என்றார்கள்.

ஆண்டு முழுக்க ஒரே அட்டைதானா?

மாற்றினால் நல்லது. சுமார் 56 கிலோமீற்றர் நீளமான வாவி இது. வடகீழ்ப் பருவமழையில் வெள்ளம் நிறைந்து நன்னீராகும், முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டி வாவி நீரைக் கடலுக்கு விடுவார்கள். கோடையில் உப்பேறும். நீர் மாறினால் பிடிபடும் மீனும் மாறும். மாரியில் குளத்து மீன்கள் வெள்ளத்தோடு இறங்கி வரும், கடல் கொந்தளிப்பதால் கடல் மீன் வரத்துக் குறையும். சித்திரைக்குப் பிறகு கடல் அமைதி, கடல் மீன் கூடும். மாரி அட்டை, கோடை அட்டை என்று இரண்டு நிறத்தில் செய்து வையுங்கள். எந்த மீனை எந்த அட்டைக்கு மாற்றுவது என்று பிள்ளைகளே வீட்டில் கேட்டு வரட்டும்.

அம்பாறைப் பக்கம் குளத்து ஊரில் இருக்கிறோம். எங்களுக்கு இது பொருந்துமா?

பொருந்தும், சீட்டுக் கட்டை மட்டும் மாற்றுங்கள். சேனநாயக்க சமுத்திரம் இலங்கையின் மிகப் பெரிய நீர்த்தேக்கம், அதன் நீர் பாயும் வயல்வெளியில் வளரும் பிள்ளைக்கு விரால், கெளுத்தி, பனையேறி, திலாப்பியா, நன்னீர் ஆமை, கொக்கு, நீர்க்காகம் போதும். திலாப்பியாவைப் பற்றி ஒரு திருத்தம்: அது நமது நாட்டு மீன் அல்ல. ஆப்பிரிக்காவில் இருந்து 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. எல்லாக் குளத்திலும் பரவிவிட்டதால் பிள்ளைகள் நம்ப மறுப்பார்கள். எனது முதல் கட்டில் அதை உள்ளூர் மீன் என்று எழுதியிருந்தேன், ஒரு பெரியவர் திருத்தினார்.

கல்முனை, திருக்கோவில், பொத்துவில் கரையோரப் பிள்ளைகளுக்குக் கரைவலை அட்டை செய்யலாம். கரைவலை இழுத்து முடியும்போது மடியில் என்ன என்ன வந்தது என்பதுதான் அட்டை.

கண் தெரியாத, அல்லது வாசிக்கச் சிரமப்படும் பிள்ளை எப்படி ஆடுவது?

படம் மட்டும் உள்ள அட்டையும் நொடியும் இருந்தால் வாசிப்பு தேவையே இல்லை. கண் தெரியாத பிள்ளைக்குத் தொட்டறியும் அட்டை செய்தோம். முட்டைப் பெட்டியின் குழிகளில் கணவாய் ஓடு, நண்டின் காய்ந்த ஓடு, ஊரி, கொடுவாவின் பெரிய செதில், இறாலின் மீசை என்று வைத்தோம். விரலால் தடவி அந்தப் பிள்ளை மற்ற எல்லோரையும் முந்திக்கொண்டது. பிறகு மற்றவர்களும் கண்ணைக் கட்டிக்கொண்டு அந்தப் பெட்டியைக் கேட்டார்கள்.

மண்டபத்துக்குள் ஆடுவதை விட்டு நேரே கரைக்குக் கூட்டிப் போகலாமா?

போகலாம். காலை ஆறு, ஆறரைக்குத் தோணி வரும் இடத்தில் அட்டையோடு நின்று, கண்ணால் கண்டதற்கு மட்டும் அடையாளம் போடுவது. பென்சிலும் மட்டையும் போதும். ஆனால் ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர் வேண்டும், நீருக்குள் இறங்க விடக் கூடாது. வாவியில் முதலை உண்டு. மாரியில், முகத்துவாரம் திறந்திருக்கும் காலத்தில் பாலமீன்மடுப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம், இழுவை அதிகம். வேலை செய்பவர்களிடம் முதல்நாளே கேட்டு அனுமதி வாங்குங்கள். அவர்களுக்கு அது விற்பனை நேரம்.

மீன்பிடிக்காரரின் பிள்ளைக்கு இதில் புதிதாக என்ன இருக்கிறது?

நான் மேலே சொன்ன நாவலடிப் பையன் பாடசாலையில் அதிகம் பேசாதவன். எங்கள் அட்டையை வாவி மீனுக்கு மாற்றிய முதல் நாள், அழைக்கும் பொறுப்பு அவனுக்கு வந்தது. மணலைச் சீட்டை எடுத்தான். நான் எழுதியிருந்த நொடியை வாசிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "வலைய கண்டா மேல பாஞ்சி தாண்டிப் போற மீன்." மணலை வலைக்கு மேலால் துள்ளித் தப்பும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பாதிப் பிள்ளைகள் உடனே கொட்டையை வைத்தார்கள், ஏனென்றால் அவர்களும் கரையில் நின்று அதைப் பார்த்திருக்கிறார்கள். சீட்டில் எனது நொடியை வெட்டிவிட்டு அவனுடையதை எழுதினேன். இப்போதும் அதைத்தான் வாசிக்கிறோம்.